அம்மாவின் கை வீக்கம்: மெல்லத் தடவினால் இறங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை
செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் கட்டி என்று தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்துவிட்டார்கள். அப்புறம் கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, அந்த நோய் விஷயத்தில் இப்போது நன்றாகவே இருக்கிறார். பிரச்சினை கைதான். ஆறேழு மாதமாக இடது கை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டே வருகிறது. முதலில் வளையல் இறுகியது, கழற்றினோம். பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது டெய்லர் அக்கா அளவெடுத்துவிட்டு, "ஒரு கை மட்டும் ரெண்டு இன்ச் கூட வைக்கணும்மா, அப்படியே தைக்கட்டுமா?" என்று கேட்டார். அம்மா சிரித்துக்கொண்டே "தைம்மா" என்றார். வீட்டுக்கு வந்து அன்று முழுக்கப் பேசவில்லை.

பக்கத்துத் தெருவில், பிள்ளை பெற்றவர்களுக்கு உடம்பு உருவிவிடும் பாட்டி ஒருவர் இருக்கிறார். நல்லெண்ணெய் காய்ச்சி அழுத்தி உருவினால் நீர் தானாக இறங்கும் என்றார். இரண்டு நாள் செய்தோம். மூன்றாம் நாள் கை இன்னும் கனக்கிறது என்கிறார் அம்மா. இன்னொரு பக்கம் டாக்டர் 'எம்.எல்.டி.' என்று (தேங்கும் நிணநீரைக் கையால் வடிப்பதாம்) சீட்டில் எழுதி ஒரு பிசியோவிடம் அனுப்பினார். அங்கே போனால் அவர் சும்மா தோலைத் தொட்டுத் தொட்டு எடுக்கிறார். முக்கால் மணி நேரம். அதுவும் கையில் இல்லை, கழுத்தில் ஆரம்பிக்கிறார்! "வீங்கினது கை, இவங்க கழுத்தத் தடவுறாங்க, இதுக்கா காசு?" என்று ஆட்டோவில் வரும்போது அம்மா கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

யாராவது இதைச் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?


உப்பளம்
செவ்வாய், இரவு 11.05

முதலில் அந்த எண்ணெய் உருவலை நிறுத்துங்கள். என் சின்னம்மாவுக்கு இதே கதை நடந்தது. மற்றதை விவரம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.


நெல்லைப்பிசியோ
புதன், காலை 6.15

வைகைக்கரை, நான் இந்த வேலையில் 11 வருடமாக இருக்கிறேன். கழுத்தில் ஆரம்பித்தார் என்றால் அவர் வேலை தெரிந்தவர். தைரியமாகத் தொடருங்கள்.

ஏன் கழுத்து என்று சொல்கிறேன். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து தசைக்கும் தோலுக்கும் போகிறது. அந்த நீரை, ஒரு நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை, நிணநீர்க் குழாய்கள் எடுத்துப்போய்க் கழுத்துக்குக் கீழே காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரைகளில் கொட்டுகின்றன. அதுதான் கடைமடை. வழியில் அக்குள் ஒரு பெரிய சந்திப்பு, இருபது முப்பது நெறிகள் அங்கே இருக்கும். அம்மாவுக்கு அந்தச் சந்திப்பையே எடுத்துவிட்டார்கள், மிச்சத்தை ரேடியேஷன் இறுக்கிவிட்டது. இப்போது கையில் சேரும் நீருக்கு மாற்று வழி வேண்டும்: மார்பின் குறுக்கே வலது அக்குளுக்கு, விலா ஓரமாக இறங்கி இடது தொடை இடுக்குக்கு.

விவசாயக் குடும்பம் என்றால் சட்டென்று புரியும். கடைமடையில் அடைப்பு எடுக்காமல் தலைமடையில் தண்ணீர் திறந்தால் வரப்புதான் உடையும். அதனால்தான் முதலில் கழுத்து, பிறகு வலது அக்குள், பிறகு தொடை இடுக்கு, அப்புறம்தான் கை. கையிலும் முதலில் மேல்கை, பிறகு முழங்கை, கடைசியாக விரல்.

அடுத்து, ஏன் இவ்வளவு மெல்லமாக? நிணநீர் முதலில் நுழைகிற குழாய்கள் தோலுக்கு உடனே கீழே இருக்கின்றன, மிக மெல்லியவை. சுற்றியுள்ள திசுவோடு நூல் நூலாகக் கட்டப்பட்டிருக்கும். தோலை லேசாக இழுத்தால் அந்த நூல்கள் இழுபட்டு வாய் திறக்கும், நீர் உள்ளே போகும். அழுத்தினால் குழாய் மூடிக்கொள்ளும். போதாததற்கு, சூடும் அழுத்தமும் அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூட்டி வரும். கூடவே இன்னும் நீர் கசியும். பாட்டி உருவிய மூன்றாம் நாள் கை கனத்தது இதனால்தான். அவரைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு அவர் கை தங்கமாக இருக்கலாம், இந்தக் கைக்கு ஆகாது.

எவ்வளவு மெல்ல என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். பால் காய்ச்சி ஆறவிடுங்கள், மேலே ஏடு படியும். அந்த ஏட்டைக் கிழிக்காமல் விரலால் ஓரத்துக்கு நகர்த்திப் பாருங்கள். அவ்வளவுதான் அழுத்தம். எண்ணெய் வேண்டவே வேண்டாம், எண்ணெய் போட்டால் கை வழுக்கும். வழுக்காமல் தோலோடு ஒட்டி, தோலையே கூட்டிக்கொண்டு நகர வேண்டும். இழுத்து, விட்டு, அது தானாகத் திரும்பும் வரை காத்திருந்து, மறுபடியும். அவசரப்பட்டால் ஒன்றும் நடக்காது.

இரண்டு கேள்வி. கையில் சிவப்போ காய்ச்சலோ இருக்கிறதா? தடவி முடித்ததும் கட்டு கட்டுகிறார்களா?


வைகைக்கரை
புதன், காலை 8.50

அக்கா, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக எனக்கு யாருமே சொன்னதில்லை. சிவப்பு, காய்ச்சல் எதுவும் இல்லை. கட்டு பற்றிச் சொன்னார்கள். நான் மருந்துக்கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி இரவில் மட்டும் கட்டிவிடுகிறேன். காலையில் விரல் எல்லாம் உப்பியிருக்கிறது.


நெல்லைப்பிசியோ
புதன், மதியம் 1.30

அதுதானே பார்த்தேன். கிரேப் வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீளும். சும்மா இருக்கும்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும், கையை அசைக்கும்போது விட்டுக்கொடுத்துவிடும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். 'ஷார்ட் ஸ்ட்ரெட்ச்' என்று கேளுங்கள், பார்க்கக் காடாத் துணி மாதிரி இருக்கும். அதிகம் நீளாது. சும்மா இருக்கும்போது இறுக்காது. ஆனால் கையை மடக்கி நீட்டும்போது தசை உப்பி அந்தத் துணிச்சுவரில் முட்டும், அந்த அமுக்கலில் நீர் மேலே ஏறும். விரலுக்கு வேறு மெல்லிய துணி, அதற்கு மேல் பஞ்சு அல்லது ஸ்பாஞ்சு, அதற்கு மேல்தான் கட்டு. விரலை விட்டுவிட்டு மணிக்கட்டிலிருந்து கட்டினால் நீர் விரலுக்குத்தான் இறங்கும். காலையில் நீங்கள் பார்த்தது அதுதான்.

உங்கள் பிசியோவிடம் கட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் படித்துக் கட்டாதீர்கள். ஒரு தடவை அவர் கட்டுவதை வீடியோ எடுங்கள், அடுத்த தடவை நீங்கள் கட்ட அவர் பார்க்கட்டும்.

சுருக்கமாக, கையால் வடிப்பது, கட்டு, கட்டோடு சேர்ந்து பயிற்சி, தோலைப் பார்த்துக்கொள்வது. நாலும் சேர்ந்தால்தான் வைத்தியம். தினமும் முக்கால் மணி நேரம் தடவிவிட்டுக் கட்டாமல் அனுப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.


சந்தேகத்தம்பி
புதன், இரவு 9.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

'மெல்லத் தொட்டால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும்' என்று சொல்கிற வைத்தியங்களைப் பார்த்தாலே எனக்குக் கை பர்ஸைப் பிடித்துக்கொள்ளும். கிரேனியோசேக்ரல் என்று ஒன்று: மண்டையோட்டு எலும்புகளுக்குள் ஒரு தாளம் ஓடுகிறதாம், நாணய எடை அளவுக்கு விரலை வைத்து அதை உணர்கிறார்களாம். ஒரே நோயாளியை இரண்டு பேர் தனித்தனியாகத் தொட்டு எண்ணினால் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை என்று ஆய்வுகளிலேயே வந்துவிட்டது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்தில் டாம் போவன் என்பவர் ஆரம்பித்த போவன் முறை. நாலு இடத்தில் விரலை உருட்டிவிட்டு இரண்டு நிமிடம் அறையை விட்டே வெளியே போய்விடுவார்கள். அந்த நாட்டு அரசாங்கம் இப்படிப்பட்டவற்றை எல்லாம் வரிசையாக ஆராய்ந்து, 2019 ஏப்ரல் 1 முதல் 16 வகை வைத்தியங்களுக்குத் தனியார் மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடையாது என்று நிறுத்தியது. போவன் அதில் ஒன்று.

எம்.எல்.டி.யும் இந்த வரிசையில்தானா, இல்லையா? நேர்மையான பதில் வேண்டும்.


நெல்லைப்பிசியோ
வியாழன், காலை 6.05

நல்ல கேள்வி தம்பி. என் மாணவர்கள் இதைக் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

வரலாறு பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயம்தான். இதை உருவாக்கிய எமில் வோடர் டென்மார்க்காரர், மருத்துவர் அல்ல. 1930களில் மனைவி எஸ்த்ரிதோடு பிரான்ஸின் கான் நகரத்தில் வேலை பார்த்தார். வந்தவர்களில் பலருக்கு ஓயாத சளி, சைனஸ், கழுத்தில் நெறி. அந்தக் காலத்தில் நெறியைத் தொடவே கூடாது என்பார்கள், இவர் மெல்லத் தொட்டுப் பார்த்தார். 1936இல் பாரிஸில் முறையை அறிமுகம் செய்தார். அதாவது, பிறந்தது சளிக்காக! கை வீக்கத்துக்கு இது ஒரு ஒழுங்கான வைத்தியமாக ஆனது பிறகுதான், மைக்கேல் ஃபோல்டி என்ற மருத்துவர் ஜெர்மனியில் இதைக் கட்டோடும் பயிற்சியோடும் தோல் பராமரிப்போடும் சேர்த்த பிறகு. இன்னும் பின்னால் போனால் 1892லேயே வினிவார்ட்டர் என்ற ஆஸ்திரிய அறுவை மருத்துவர் கட்டு, கையால் நீவல், கையைத் தூக்கி வைத்தல் என்று எழுதிவைத்திருக்கிறார், ஆனால் அது பரவவில்லை.

சான்று? மார்பகப் புற்றுக்குப் பிறகு வரும் கை வீக்கம் பற்றி 2015இல் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) தொகுப்பாய்வு ஒன்று வந்தது. 6 ஆய்வுகள், மொத்தம் 208 பேர்தான், சிறிய எண்ணிக்கை. கட்டு மட்டும் கட்டியவர்களுக்கே கூடுதல் வீக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கையால் வடிப்பதையும் சேர்த்தபோது இன்னும் 7 சதவீதம் போலக் கூடுதலாகக் குறைந்தது. கெடுதல் எதுவும் இல்லை. ஆக, பெரிய சுமை தூக்குவது கட்டு. என் கை அதற்குத் துணை. வயிற்றுப்பிழைப்பு இதில்தான் என்றாலும் உண்மை இதுதான்.

வித்தியாசம் எங்கே என்றால், இது வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள யாரையும் நம்ப வேண்டியதில்லை. டெய்லர் டேப் எடுத்து மணிக்கட்டிலிருந்து 4 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு கையையும் அளக்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது வீக்கம். இரண்டு வாரத்தில் எண் இறங்கவில்லை என்றால் உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். நோட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.


ஒளிரும்மேனி
வியாழன், காலை 11.10

லிம்ஃபேட்டிக் டீடாக்ஸ் மசாஜ்!! உடம்பில் உள்ள நச்சு எல்லாம் வெளியேறும், தொப்பை கரையும், முகம் பளபளக்கும். முதல் அமர்வு பாதிக் கட்டணம். இன்பாக்ஸ் வரவும்.


மட்டுறுத்துநர்
வியாழன், காலை 11.25

அவர் கொடுத்த தொலைபேசி எண்ணை நீக்கியிருக்கிறேன். பதிவை மட்டும் விட்டுவைக்கிறேன், எதைப் பார்த்து ஒதுங்க வேண்டும் என்று தெரியட்டும்.


உப்பளம்
வியாழன், காலை 11.40

நச்சு போகிறதோ இல்லையோ, பாதிக் கட்டணம் போய்விடும்.


பனங்கிழங்கு
வெள்ளி, காலை 7.30

நான் டொரன்டோவில இருந்து எழுதுறன். யாழ்ப்பாணம்தான் பிறந்த இடம். எனக்கும் வலது பக்கம் ஆபரேஷன் நடந்தது, ஆறு வருசமாகுது. வைகைக்கரை, உங்கட அம்மாவின்ர கதையை வாசிக்க, நான் ரவிக்கையை விட்டிட்டுச் சல்வார் போடத் தொடங்கின நாள் ஞாபகம் வந்தது.

எனக்கு வீக்கம் வர முதல் வேறொண்டு வந்தது. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாதத்தில, கையை மேல தூக்கினால் அக்குளுக்குள்ள இருந்து முழங்கை வரைக்கும் கயிறு கட்டின மாதிரி இழுக்கும். கண்ணாடியில பார்த்தால் தோலுக்குக் கீழ கிடார் நரம்பு போலத் தெரியும். நான் பயந்துபோனன். அது நிறையப் பேருக்கு வாறதாம், பொதுவா மாதக் கணக்கில தானாகவே போயிடுமாம். பிசியோ பெண் அந்தக் கயிற்றை மெல்ல மெல்ல நீட்டிவிட்டா. ஒரு நாளும் வலிக்கச் செய்யேல்லை.

ஒண்டு சொல்லவேணும். முதல் நாள் அவ என்ர காறை எலும்புக்கு மேல இரண்டு விரலை வைச்சதும் நான் அழுதிட்டன். வலியில இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை நானே தொடுறேல்லை, குளிக்கேக்கையும் பார்க்காமல்தான் தேய்ப்பன். மற்ற ஆக்கள் தொட்டதெண்டால் ஊசியோட வந்தவைதான். என்ர தோள் காதுக்குக் கிட்ட ஏறிப்போய் இருந்ததும் எனக்குத் தெரியாது. "உங்கட தோளைக் கொஞ்சம் கீழ விடுங்கோ" எண்டு அவ சொல்லேக்க, நான் விட்டுத்தான் இருக்கிறன் எண்டு சொன்னன். அவ சிரிச்சா. பத்து நிமிசத்தில தானா இறங்கினது.

சந்தேகத்தம்பி, நீங்கள் சொல்லுற ஆய்வு எல்லாம் சரிதான். என்ர கை எவ்வளவு சென்டிமீட்டர் குறைஞ்சது எண்டும் நான் எழுதி வைச்சிருக்கிறன். தோள் இறங்கினதை எந்த டேப்பால அளக்கிறது எண்டு மட்டும் தெரியேல்லை.


சந்தேகத்தம்பி
வெள்ளி, காலை 9.00

அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எழுதியதற்கு நன்றி.


பொருநைச்சித்தர்
வெள்ளி, மாலை 5.45

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். உருவல் என்றாலே நாட்டு வைத்தியம் என்று எங்கள் தலையில் எழுதுவார்கள், அதனால் ஒரு விளக்கம்.

சித்த மருத்துவத்தில் புற மருந்து 32 வகை. அதில் தொக்கணம், அதாவது கையால் உருவிப் பிடித்துவிடுவது, ஒன்று. தொக்கணத்துக்குள்ளேயே 9 வகை உண்டு: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைக்கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். எல்லோருக்கும் எல்லாம் கிடையாது. வாத நோயில் இறுகிப்போன தோளுக்குச் செய்வதை வீங்கி நீர் கோத்த கைக்குச் செய்யக் கூடாது என்பது எங்கள் பாடத்திலும் உண்டு. நாடி பிடித்துப் பார்க்காமல், என்ன அறுவை நடந்தது என்று கேட்காமல், எண்ணெயைக் காய்ச்சி உட்கார்ந்துவிடுவது தொக்கணம் அல்ல.

என்னிடம் இப்படிப்பட்ட கையோடு வருபவர்களை நான் பிசியோவிடம்தான் அனுப்புகிறேன். கழுத்து, முதுகு இறுக்கத்துக்கு வேண்டுமானால் மறுபக்கத்தில், அவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, இதமாகச் செய்வேன்.


கொல்லிமலைத்தேன்
வெள்ளி, இரவு 8.10

கேட்கவே பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இப்படித் தடவினால் புற்று வேறு இடத்துக்குப் பரவாதா? எங்கள் வீட்டில் இதைச் சொல்லித்தான் அக்காவை அனுப்ப மறுக்கிறார்கள்.


நெல்லைப்பிசியோ
வெள்ளி, இரவு 10.00

வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். சிகிச்சை முடிந்து நோய் இல்லாத நிலையில் இருப்பவர்களுக்கு, வடிப்பதால் புற்று பரவும் என்பதற்குச் சான்று இல்லை. நிணநீர் தடவாவிட்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நோய் இன்னும் அந்த இடத்தில் இருந்தால் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்க மாட்டோம். இதயம் பலவீனமானவர்கள், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருப்பவர்கள், தோலில் தொற்று உள்ளவர்கள், இவர்களுக்கும் செய்யக் கூடாது. இன்னொன்று: நன்றாக இருந்த கை திடீரென்று இரண்டு மூன்று நாளில் வீங்கினாலோ வலித்தாலோ நேரே டாக்டரிடம் போங்கள், பிசியோவிடம் அல்ல. நோய் திரும்பியிருக்கிறதா, உறைகட்டி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எங்கள் முறை.


குடந்தைக்காரன்
சனி, காலை 10.15

இது மார்பகப் புற்று இழை, நான் கால் கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பாவுக்கு யானைக்கால். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. கொசு கடித்து உள்ளே போகும் புழு நிணநீர்க் குழாயில் குடியிருந்து அதைக் கெடுத்துவிடும். ஆக, சங்கதி ஒன்றுதான், வடிகால் கெட்டுப்போவது.

கேரளாவில் காசர்கோட்டில் ஒரு தோல் மருத்துவ நிறுவனம் ஆயுர்வேதக் கஷாயத்தில் காலை ஊறவைப்பது, யோகா மூச்சு, கையால் வடிப்பது, கட்டு எல்லாவற்றையும் சேர்த்து இதற்கு வைத்தியம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப்போனேன். வைத்தியத்தை விட அங்கே எனக்கு மனதில் நின்றது ஒன்று: கால் கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். சோப்பு போட்டு, ஒவ்வொரு விரல் இடுக்கும், பிறகு மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போகத் துடைத்து. அவ்வளவுதான். அப்பாவுக்கு வருடத்துக்கு நாலைந்து தடவை வந்துகொண்டிருந்த குளிர்காய்ச்சல் அதற்குப் பிறகு ஒரு தடவைதான் வந்தது. எழுபது வயதில் கால் கழுவக் கற்றுக்கொண்டேன் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.


வைகைக்கரை
அடுத்த வியாழன், காலை 7.05

அக்கா, அவசரம். நேற்று வரை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கட்டு ஐந்து நாள் கட்டினோம், முன்னங்கை கொஞ்சம் தளர்ந்தது. நேற்று சாயங்காலம் பின்னால் எலுமிச்சை பறிக்கும்போது இடது கையில் முள் குத்திவிட்டது என்று அம்மா இப்போதுதான் சொல்கிறார். விடிகாலையில் குளிர் நடுக்கம், காய்ச்சல் 102. கை முழங்கை வரை சிவந்து சுடுகிறது. மெல்ல வடித்துவிட்டுக் கட்டு கட்டட்டுமா?


நெல்லைப்பிசியோ
வியாழன், காலை 7.12

வேண்டாம். கை வைக்காதீர்கள், கட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. தோல் தொற்று, ஆன்டிபயாட்டிக் வேண்டும். நிணநீர் தேங்கிய கையில் இது வேகமாகப் பரவும், சாயங்காலம் வரை பொறுக்காதீர்கள். எந்தக் கை, என்ன அறுவை என்று போனதும் சொல்லுங்கள். ஊசி, சலைன் போட வேண்டி வந்தால் முடிந்தவரை வலது கையில் போடச் சொல்லுங்கள்.


வைகைக்கரை
வியாழன், இரவு 11.30

சேர்த்துவிட்டோம். மருந்து ஏறுகிறது. சிவப்பு எதுவரை என்று பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள், கோட்டைத் தாண்டவில்லை. அம்மா தூங்குகிறார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், கட்டுக் கட்டியதால்தான் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவரோடு பேசத் தெம்பில்லை.


பனங்கிழங்கு
வெள்ளி, காலை 6.40

கட்டினதால இல்லையம்மா, முள்ளால. எனக்கும் ஒருக்கா வந்தது, பூனை கீறி. அதுக்குப் பிறகு கறிக்கு வெட்டுறதெண்டாலும் தோட்ட வேலையெண்டாலும் கையுறை போடாமல் இல்லை. ஒரு சின்னக் கிருமிநாசினிக் களிம்பு ஹாண்ட்பேக்கில எப்பவும் கிடக்கும். சொந்தக்காரருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிவிடுங்கோ.


நெல்லைப்பிசியோ
வெள்ளி, இரவு 9.15

காய்ச்சல் விட்டு, சிவப்பு மறைந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி ஆரம்பிக்கலாம். வீக்கம் கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கும், அதற்காக மனம் தளர வேண்டாம். பயிற்சிக்கும் பயப்படாதீர்கள். இந்தக் கையால் எடை தூக்கவே கூடாது என்று முன்பு சொல்லிவைத்திருந்தோம். 2009இல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கண்காணிப்போடு படிப்படியாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, மோசமாகும் தடவைகள் குறைந்தன. கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொண்டு, அரை கிலோவில் ஆரம்பித்து, மெல்ல.


வைகைக்கரை
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

இவ்வளவு நாள் எழுதாததற்கு எல்லோரும் மன்னிக்கவும்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். அப்புறம் பத்து நாள் மாத்திரை. அதன் பிறகு மறுபடி பிசியோவிடம் மூன்று வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். கட்டு கட்ட நானே கற்றுக்கொண்டேன். முதல் தடவை கட்டியபோது பானை மாதிரி இருந்தது, அவரே சிரித்துவிட்டார். செலவு பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு: கட்டுத்துணியைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம், பஞ்சுதான் அடிக்கடி வாங்க வேண்டியிருக்கிறது. பிசியோ கட்டணத்தை விட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம் என்று நினைக்கிறேன். உறையை வீக்கம் இறங்கிய பிறகே அளவெடுத்து வாங்கினோம். முதலிலேயே வாங்கியிருந்தால் வீங்கிய கைக்கு அளவாகப் போயிருக்கும். பகலில் உறை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிது வாங்க வேண்டுமாம், பிடிப்பு விட்டுப்போகும் என்றார்.

இப்போது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் நான் செய்துவிடுகிறேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்ப்பார். முதலில் மூச்சு, வயிறு ஏறி இறங்க ஐந்து தடவை. பிறகு காறை எலும்புக்கு மேல் என் விரல்கள். முதல் வாரம் ரொம்ப அழுத்திவிட்டேன். "பால் ஏடு, பால் ஏடு" என்று அம்மாவே ஞாபகப்படுத்தினார், இந்த இழையை அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன். வலது அக்குளுக்கு வரும்போது செய்தியில் அரசியல் ஓடிக்கொண்டிருக்கும். விலா ஓரத்தில், தழும்புக்குப் பக்கத்தில் வரும்போது முன்பெல்லாம் அம்மா சேலையை இழுத்து மூடுவார். எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. கைக்கு வரும்போது பெரும்பாலும் தூங்கிவிடுகிறார். வானிலை அறிக்கையை நான் மட்டும் பார்க்கிறேன்.

நோட்டில் உள்ள எண்கள், முழங்கைக்குக் கீழே 8 சென்டிமீட்டரில்: ஆரம்பத்தில் வலது கையை விட 5.5 கூடுதல். காய்ச்சலுக்குப் பிறகு 6. இன்று 2.5. மூன்று வாரமாக அதே இடத்தில் நிற்கிறது. இதற்கு மேல் இறங்குமா என்று பிசியோவிடம் கேட்டேன். இறங்கலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம், ஏறாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை என்றார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. ஆவணியில் தம்பிக்குக் கல்யாணம். பட்டு ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும். உறைக்கு மேல் போடுகிற மாதிரி அளவு கொடுப்பதா, அன்று ஒரு நாள் உறை இல்லாமல் விடுவதா?


பனங்கிழங்கு
ஞாயிறு, இரவு 9.50

உறையோட அளவு குடுங்கோ. கலியாணவீட்டில நாள் முழுக்க நிண்டு ஆக்களைக் கும்பிட்டு, தட்டுத் தூக்கி, கை கட்டாயம் வீங்கும். நான் மகளின்ர கலியாணத்துக்கு உறை இல்லாமல் போய், பிறகு ஒரு மாதம் கஷ்டப்பட்டனான். முழங்கை வரை நீளக் கை வைச்சுத் தைக்கச் சொல்லுங்கோ, இப்ப அதுதானே ஃபாஷன்.


நெல்லைப்பிசியோ
திங்கள், காலை 6.20

அவர் சொன்னதுதான். இரண்டு கையும் நீளமாக வைத்து, இடதில் மட்டும் உள்தையலில் ஒரு இன்ச் துணி விட்டுவைக்கச் சொல்லுங்கள். வீக்கம் கூடினால் பிரித்துவிடலாம்.


வைகைக்கரை
திங்கள், இரவு 10.05

இன்று கொடுத்துவிட்டு வந்தோம். டெய்லர் அக்கா அளவெடுத்துவிட்டு, "போன தடவையை விட இந்தக் கை குறைஞ்சிருக்கேம்மா" என்றார். அம்மா உடனே "நோட்டுல எழுதியிருக்கோம், ரெண்டரை" என்றார். பட்டு மயில்கழுத்து நிறம்.